கொம்பில்லாத சொல்

செவ்வாய் மாலைக்குள் வேண்டுமாம்.
மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துச் சுவருக்கு
நான்கு மொழியில் ஒரே ஒரு சொல்.
சீனத்துக்கு இரண்டு எழுத்து, மலாய்க்கு ஆறு.
தமிழுக்கு விட்டிருக்கும் கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.

அன்பு என்று எழுதினேன்.
அது வீட்டுக்குள் புழங்குவது,
முகம் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது என்றார்
ஒப்புநோக்கும் மெஹருன்னிசா.
கருணை? கோயில் வாசனை அடிக்கிறது.
இரக்கம்? அதற்குள் ஒரு மாடிப்படி இருக்கிறது,
யாரோ ஒருவர் மேல்படியில் நிற்கிறார்.
தயவு? அதைத்தான் ‘தயவுசெய்து’ என்று
ஒவ்வொரு கதவிலும் ஒட்டித் தேய்த்துவிட்டோமே.

மென்மை என்று போட்டுப் பார்த்தேன்.
அச்சகத்துக் கணினியில்
முதல் எழுத்தின் கொம்பு கழன்று
பின்னால் போய் நின்றுகொண்டது.
மென்மைக்கே இரண்டு கொம்பென்றால்
யாரை முட்டுவதற்கு?

கடைசியில் கனிவு.
கொம்பில்லை. கட்டத்துக்குள் அடங்கியது.
ஆனால் அதைக் கேட்டாலே எனக்கு
விழுப்புரம் சந்திப்பின் ஒலிபெருக்கிதான்:
பயணிகளின் கனிவான கவனத்திற்கு,
வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக...
மூட்டைமேல் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தோம்,
கனிந்தவர் யாருமில்லை.

தேக்காச் சந்தை மாம்பழக்காரர்
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்,
அமுக்கிப் பார்க்காதீர்.
அமுக்காமல் எப்படித் தெரியும் என்றால்
காம்பை முகர்ந்து பாருங்கள் என்கிறார்.
பத்துப் பேர் பெருவிரல் சோதித்த பழம்
சாயங்காலம் கறுத்துப்போய்
பாதி விலைக் கூடையில் கிடக்கிறது.

இதையும் மெஹருன்னிசாவிடம் சொன்னேன்.
சுவரில் எழுதிக் கேட்டால்
தடியால் அடித்துப் பழுக்கவைத்த மாதிரி
ஆகிவிடாதா?
அவர் மணியைப் பார்த்தார்.
“அச்சுக்குப் போகட்டுமா, வேண்டாமா?”
போனது.

வியாழக்கிழமை அதே மருத்துவமனையில்
எனக்கு வாய்மொழி வேலை.
தீப்புண் கட்டு மாற்றும் அறை.
ஆலங்குடிக்காரர், துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டிங்,
இடது முன்கை முழுக்க.
தாதி பர்மாக்காரி, கின் ஸார்.
சிரிப்பென்று எதுவும் முகத்தில் கிடையாது.
கட்டை ஏன் நனைத்தாய் என்று முதலில் ஒரு அதட்டல்,
நான் அதட்டாமல் மொழிபெயர்த்தேன்.
வலித்தால் சொல்லச் சொல் என்றாள்.
வலிக்கலைன்னு சொல்லுங்க என்றார் அவர்,
பல்லைக் கடித்தபடி.

எங்கள் இருவரையும் விட்டுவிட்டாள்.
வெதுவெதுப்பான உப்புநீரைச்
சதையோடு ஒட்டிக்கிடந்த துணியின் ஓரத்தில்
சொட்டுச் சொட்டாக விட்டாள்.
விட்டு, காத்திருந்தாள்.
அவள் வரிசையில் இன்னும் ஒன்பது எண்கள்.
மறுபடி சொட்டு. மறுபடி காத்திருப்பு.
இழுத்ததாகவே தெரியவில்லை,
துணி தானாக மனம் மாறியதைப்போல
விட்டு வந்தது.

“கைப்பக்குவம்ங்க இவங்களுக்கு” என்றார்.

என்ன சொன்னார்?
சமையலுக்குச் சொல்லுவது, என்று தொடங்கினேன்,
உப்பும் புளியும் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான்,
ஆனாலும் ஒருத்தர் தொட்டால்...
பாதியில் சிக்கிக்கொண்டு,
உங்கள் கை பழுத்திருக்கிறது என்கிறார்,
என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
கிருமிநீக்கி தின்று வெளிறிய விரல்கள்,
இரண்டில் வெடிப்பு.
உள்ளங்கையும் புறங்கையுமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு
சிரிக்காமலே கேட்டாள்,
எந்தப் பழம்?

அவரிடம் கேட்டேன்.
நேரம் எடுத்து யோசித்தார்.
“பலாதான். வெளியே முள்ளு இருக்குல்ல.”

பலா என்று சொன்னேன்.
முள்ளை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.